மல்லாந்து படுத்திருப்பவரின் மூக்கையும் அளந்து பாருங்கள்: திரைக்கண்ணாடி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கைப்பேசியோடு கேபிளில் இணைத்து, மூக்குக்கண்ணாடி போல மாட்டிக்கொண்டு படம் பார்க்கும் திரைக்கண்ணாடிகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், எதைச் செய்யலாம் எதை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்கும் மேலாளர்களுக்கும்,

போன மாதம் உங்களில் ஒரு நிறுவனத்திடமிருந்து எனக்குப் பதில் வந்தது. நான்கு முறை எழுதிய பிறகு வந்த பதில். பிளஸ் பவர் உள்ள கண்ணுக்கு ஏற்றபடி திருகிக்கொள்ளும் வசதி அடுத்த மாடலிலும் கிடையாது, மூக்கில் உட்காரும் அந்தச் சின்ன ரப்பரைத் தனியாக விற்பதில்லை, நான் வாங்கிய மாடலுக்கான கேபிளை நிறுத்திவிட்டோம், வேண்டுமானால் புது மாடலுக்கு மாறிக்கொள்ளலாம் என்று சொல்லி 10 சதவீதத் தள்ளுபடிக்கு ஓர் எண்ணும் அனுப்பியிருந்தார்கள். அதை அப்பாவிடம் வாசித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு மட்டும் ஐந்தாவது முறை எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுவதற்குக் காரணம், என் கடை மேசையில் நான் பிரித்துப் பார்த்த கண்ணாடிகள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே மாதிரி ஆளை மனதில் வைத்துச் செய்தவை என்பதுதான். அந்த ஆள் என் அப்பா இல்லை.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன், 11 வருடமாகிறது. ஊரைச் சுற்றி ரப்பரும் செம்பனையும்தான். அப்பா 29 வருடம் செம்பனைக் குலை வெட்டியவர். நீளமான கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடியே வெட்ட வேண்டும், மரம் வளர வளரக் கம்பும் நீண்டுகொண்டே போகும். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் வெட்டிய மட்டை நேராகக் கழுத்தில் விழுந்தது. அன்றிலிருந்து மல்லாந்து படுத்தே இருக்கிறார். தலையை உயர்த்தி நெடுநேரம் வைக்க முடியாது, கைகள் ஓரளவு வேலை செய்யும், நினைவும் பேச்சும் முன்பு போலவே தெளிவு. வேலையில் அடிபட்டவர்களுக்கான சொக்சோ காப்புறுதிப் பணம் மாதாமாதம் வந்துவிடுகிறது. ஆனால் பகல் முழுவதும் அவர் பார்த்துக்கொண்டிருப்பது கூரைத் தகரத்தை.

தொலைக்காட்சியைச் சுவரில் உயர மாட்டிப் பார்த்தோம், கழுத்து வலி அதிகமானது. கைப்பேசியை வளையும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம், அது ஒரு ராத்திரி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. படுத்தபடி கால்பக்கம் பார்க்க முப்பட்டகம் வைத்த கண்ணாடி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, 30 வெள்ளிகூட (ரிங்கிட்) இல்லை, அதையும் வாங்கினேன், ஐந்து நிமிடத்தில் தலை சுற்றுகிறது என்று கழற்றிவிட்டார். அதற்கப்புறம்தான் உங்கள் திரைக்கண்ணாடியை வாங்கினேன். விலை 1,700 வெள்ளி. மலேசியாவில் 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 வெள்ளிதான். எங்கள் ஊரில் ஒருவருடைய ஒரு மாத உழைப்பை மொத்தமாகக் கொடுத்தால்தான் உங்கள் பெட்டி வீட்டுக்குள் வரும் என்பதை மேற்கொண்டு படிக்கும்போது ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் சாயங்காலம் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு அப்பா தைப்பூசம் தவறாமல் போனவர். அந்த ஆண்டுத் தைப்பூச ஒளிப்பதிவைப் போட்டுக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் வலது கையை மெதுவாகத் தூக்கி, தேர் போகிற பக்கமாகக் கும்பிடப் பார்த்தார், ஒரு கைதான் மேலே வந்தது. கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. உங்கள் பொருள் எதற்குப் பயன்படும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விரல்நகம் அளவுத் திரையில் 1920க்கு 1080 புள்ளிகள், கறுப்பு உண்மையிலேயே கறுப்பாகத் தெரிகிறது, நான்கு மீட்டர் தள்ளி 130 அங்குலத் திரை நிற்பது போல் இருக்கிறது என்று நீங்கள் விளம்பரத்தில் சொல்வதும் பொய்யில்லை.

ஆனால் அந்தக் காட்சி எனக்குத் தெரிந்த அளவுக்கு அப்பாவுக்குத் தெரியவில்லை. தேரும் கூட்டமும் அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கிறது. மகள் ஆசையாக வாங்கி வந்தாளே என்று நான்கு நாள் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

அவருக்கு வலது கண் பிளஸ் 2.25, இடது கண் பிளஸ் 1.50, கூடக் கொஞ்சம் சிலிண்டர், அதாவது ஒரு திசையில் மட்டும் கூடும் பவர். உங்கள் கண்ணாடியின் மேல்விளிம்பில் இரண்டு சின்னத் திருகுகள் இருக்கின்றன, பூஜ்யத்தில் ஆரம்பித்து மைனஸ் 5 வரை போகும், வேறு சிலருடையதில் மைனஸ் 6 வரை. கிட்டப்பார்வை உள்ள இளைஞர்களுக்கு அருமையான வசதி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படம் பார்க்கலாம். பிளஸ் பக்கம் திருகினால் பூஜ்யத்திலேயே முட்டி நின்றுவிடுகிறது. வெறும் வெள்ளெழுத்து மட்டும் உள்ளவருக்குப் பிரச்சினையில்லை, படம் தூரத்தில் நிற்பதால் அவருக்கு வாசிப்புக் கண்ணாடியே தேவைப்படாது, இதை நீங்கள் விளம்பரத்தில் சொன்னால் எத்தனையோ வயதானவர்கள் சந்தோஷப்படுவார்கள். ஆனால் தூரத்துக்கே பிளஸ் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், வயது ஏற ஏற அது வெளியே தெரியவரும். பைனாகுலரை எடுத்துப் பாருங்கள், கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் துளையைப் பாருங்கள், இரண்டிலும் பல காலமாக பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் திருகலாம். உங்களுக்கு அதற்குத் தேவை உள்ளே திரை இன்னும் கொஞ்சம் விலகிப்போக இடம். அந்த இடத்தை விடாமல் இருப்பது உங்கள் தீர்மானம், முடியாத காரியம் இல்லை.

பெட்டிக்குள் பவர் கண்ணாடி பொருத்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் சட்டமும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் மூக்குக்கண்ணாடிக் கடை அண்ணனிடம் போனேன். 180 வெள்ளிக்கு வெட்டிக் கொடுத்தார், கொடுக்கும்போதே தலையை ஆட்டினார். மைனஸ் கண்ணாடி நடுவில் மெலிசாக இருக்கும், பிளஸ் கண்ணாடி நடுவில்தான் தடிக்கும். சட்டத்தில் பொருத்தியதும் அது உள்ளிருக்கும் சாய்ந்த கண்ணாடிக் கட்டியில் இடித்தது, இந்தப் பக்கம் அப்பாவின் இமைமயிர் உரசியது. உட்கார்ந்திருப்பவருக்காவது கண்ணாடி சற்று முன்னால் நிற்கும். படுத்திருப்பவருக்கு அதன் எடை முழுவதும் கண்குழியை நோக்கித்தான் இறங்கும். மூன்று வாரத்தில் உள்கண்ணாடி நடுவில் அரிசி அளவுக்குக் கீறல் விழுந்துவிட்டது.

இன்னொன்றும் அந்த அண்ணன் அளந்து சொன்னார். அப்பாவின் இரண்டு கண்மணிகளுக்கும் இடையே 70 மில்லிமீட்டர். பெரியவர்களுக்குச் சராசரி 63, 64. நீங்கள் சராசரிக்குச் செய்து வைத்திருக்கிறீர்கள், அதனால் அவருக்குப் படத்தின் ஓரம் எப்போதும் பிசிறாகவே தெரியும். ஒரே மாடலை இரண்டு அளவில் விற்பவர்களும் உங்களில் இருக்கிறார்கள், அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன், மற்றவர்கள் ஏன் செய்யவில்லை?

மூக்குக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் மூக்கு அகலம், அதன் பாலம் தாழ்வு, இங்கே தோட்டத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். சாதாரண மூக்குக்கண்ணாடி 25, 30 கிராம் இருக்கும். உங்களுடையது 75 கிராம், அதில் பெரும்பங்கு முன்னால். கூடக் கொடுத்த மூன்று ஜோடி ரப்பரில் ஒன்றுகூட அப்பாவுக்கு நிற்கவில்லை. கண்ணாடி நெற்றிப் பக்கமாகச் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே படத்தின் கீழ்ப்பகுதி வெட்டுப்படுகிறது, தமிழில் எழுத்து ஓடும் வரி மொத்தமாக மறைந்துவிடுகிறது. அதைச் சரிசெய்ய அப்பா ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் அம்மாவைக் கூப்பிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துக் கழற்றினால் மூக்கின் இரண்டு பக்கமும் பயறு அளவுக்குச் சிவந்த குழி. படுத்தே இருக்கும் உடம்பில் அந்தக் குழி புண்ணாக எவ்வளவு நேரம் ஆகும் என்று அப்படி ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில் விற்கும் மூக்குக்கண்ணாடி ரப்பரை எல்லாம் வாங்கி ஒட்டிப் பார்த்தேன். கடைசியில் அம்மாதான் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துத் தைத்து ஒரு பட்டை செய்து கொடுத்தார், இன்றுவரை அதுதான் தாங்குகிறது.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் வடிவமைப்பில் எனக்குப் புரியாத ஒன்று அவருக்கு ஒரே பார்வையில் புரிந்தது. அம்மா பால்மரம் சீவியவர். விடியுமுன் குளிரில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்கள். கண்ணாடியைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தவர், "நாங்க நெத்தியில வெளக்கு மட்டுந்தான் வச்சோம், பேட்டரி இடுப்புல கெடக்கும். இவங்க ஏன் எல்லாத்தையும் மூக்கு மேலயே ஏத்தி வச்சிருக்காங்க?" என்று கேட்டார். விளக்குப் பட்டைக்கு அடியில் ஒரு துணி வைப்பார்களாம், வேர்வையை அது குடித்துவிடும், தினம் அவிழ்த்துத் துவைப்பார்கள். வருடக்கணக்கில் தலையில் ஒரு பொருளைக் கட்டிக்கொண்டு வேலை செய்தவர்கள் கண்டுபிடித்த விஷயம் இது. பாரத்தையும் சூட்டையும் முகத்திலிருந்து எடு, தோலைத் தொடும் இடத்தில் துவைக்கக்கூடியதை வை.

சூட்டைப் பற்றி அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும். திரையும் அதை இயக்கும் சில்லுகளும் புருவத்துக்கு மேலேயே இருக்கின்றன. உங்கள் கையேட்டில் 35 டிகிரி வரைதான் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே எங்கள் அறை அதைத் தாண்டிவிடும், மின்விசிறி அடிப்பதும் வெந்த காற்றைத்தான். அரைமணி நேரத்தில் அப்பாவின் புருவத்தைத் தொட்டால் சுடுகிறது. வேர்வை மேல்விளிம்பின் இடுக்கில் இறங்கி, பேச்சு வரும் துளையை அடைத்து, ஒரு பக்கம் சத்தமே நின்றுபோனது. பிரித்தபோது உள்ளே உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. குளிரூட்டிய விமானத்தில் சாய்ந்து உட்கார்ந்து படம் பார்ப்பவரை உங்கள் படங்களில் பார்க்கிறேன். ஆனால் இதைத் தினமும் எட்டு மணி நேரம் மாட்டியிருக்கக்கூடியவர், வேறு எந்தத் திரையையும் பார்க்க வழியில்லாதவர், இப்படி ஓர் அறையில்தான் படுத்திருக்கிறார்.

தலையில் மாட்டும் திரை புதிய யோசனையும் இல்லை. 1968இல் ஐவன் சதர்லேண்ட் செய்து காட்டிய தலைத்திரை மிகவும் கனமானது, அதைக் கூரையிலிருந்து இறங்கும் ஒரு கையில் பொருத்தியிருந்தார்கள். அதைப் படித்ததும் எனக்கு அப்பாவின் கட்டில்தான் கண்முன் வந்தது. எழுந்து நடக்கப்போகாத ஒருவருக்குக் கண்ணாடி காதில் மாட்டியே ஆக வேண்டும் என்று என்ன கட்டாயம்? சட்டத்தில் இரண்டு சின்னத் திருகுத் துளைகள் வைத்தால் போதும், கட்டில் தலைமாட்டிலிருந்து வரும் ஒரு கையில் நானே பொருத்திவிடுவேன், முகத்தில் ஒரு கிராம்கூட இறங்காது. அதற்கு ஒரு வழியும் இல்லாதபடி சட்டம் முழுவதையும் வழவழவென்று ஒட்டி மூடிவிட்டீர்கள்.

கேபிள். வலது காதுத்தண்டின் நுனியில், சரியாகத் தலையணை அழுத்தும் இடத்தில் அது நுழைகிறது. ஐந்து மாதத்தில் படம் விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. என் கடையில் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தேன், வெளி உறை அப்படியே இருக்கிறது, உள்ளே முடி போன்ற கம்பிகளில் இரண்டு ஒரே இடத்தில் மடங்கி மடங்கி அறுந்திருந்தன. கேபிள் முனை உங்கள் நிறுவனத்துக்கு மட்டுமே உரிய வடிவம், ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்காது. சாதாரண யூஎஸ்பி-சி துளையாக இருந்திருந்தால் என் கடை அலமாரியிலிருந்தே எடுத்துச் செருகியிருப்பேன். வேறொரு வாடிக்கையாளர் கொண்டுவந்ததில் காதுத்தண்டு மடங்கும் கீல் வழியாக ஓடும் மெல்லிய ரிப்பன் விரிசல் விட்டிருந்தது. அதை மாற்றவேண்டுமென்றால் முன்பக்கம் முழுவதையும் சூடேற்றிப் பசையை உரிக்க வேண்டும், உரிக்கும்போது முன்கண்ணாடியைக் கறுப்பாக்கும் படலம் உடைந்துவிடும். சில வெள்ளி பெறாத ஒரு ரிப்பனுக்காக ஒரு மாதச் சம்பளம் குப்பைக்குப் போகிறது. நான் பழுதுபார்த்துப் பிழைப்பவள், ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் அதைச் செய்தவர் என்னை எதிர்பார்த்தாரா இல்லையா என்று தெரிந்துவிடும். உங்கள் பொருளில் பிரிப்பதற்கான திருகாணி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

என் கடைக்கு வரும் மற்ற புகாரையும் சொல்லிவிடுகிறேன், இது சீக்கிரம் தீரக்கூடியது. இந்த வருடம் மட்டும் மூன்று பேர் புத்தம்புதுக் கண்ணாடியோடு வந்து படமே வரவில்லை என்றார்கள். கண்ணாடியில் கோளாறு ஒன்றுமில்லை, அவர்களுடைய கைப்பேசியில்தான் படத்தை வெளியே அனுப்பும் வசதி இல்லை. யூஎஸ்பி-சி துளை இருந்தாலே படம் வரும் என்று நினைத்துவிடுகிறார்கள், விலை குறைந்த பெரும்பாலான கைப்பேசிகளில் அந்தத் துளை மின்னேற்றத்துக்கும் கோப்பு மாற்றவும் மட்டும்தான். பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் குலை வெட்டுபவருக்கும் கடை வைத்திருப்பவருக்கும் எப்படிப் புரியும்? அப்பாவின் கைப்பேசியும் அப்படித்தான், தொலைக்காட்சியின் செட்-டாப் பெட்டியிலிருந்து இணைக்க 150 வெள்ளிக்கு இன்னொரு கருவி வாங்க வேண்டியிருந்தது.

அப்புறம் பொத்தான்கள். ஒலிக்கும் வெளிச்சத்துக்கும் ஒரே தண்டின் அடியில், ஒரே அளவில், ஒரே வழவழப்பில். 29 வருடம் கம்பு பிடித்துக் காய்த்துப்போன விரலுக்கு அதில் ஒன்றும் தடவித் தெரியாது. முன்கண்ணாடியைக் கறுப்பாக்குவதற்கும் தெளிவாக்குவதற்கும் மூன்று முறை அழுத்த வேண்டுமாம். அம்மா தண்ணீர் கொண்டுவந்து தோளைத் தொட்டால் அப்பா திடுக்கிட்டுப் போகிறார், கறுப்புக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரிவதில்லை. என் முகத்தைப் பார்க்கவும் அவர் என்னைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது: "பாப்பா, இதக் கொஞ்சம் கழட்டு."

இனி நான் கேட்பவை. திருகு பிளஸ் 3 வரையாவது போகட்டும், சிலிண்டர் உள்ளவர்களுக்காக உள்சட்டத்தைத் தடித்த பிளஸ் கண்ணாடிக்கும் இடம் விட்டுச் செய்யுங்கள். ஒவ்வொரு மாடலையும் கண்மணி இடைவெளிக்கு ஏற்ப இரண்டு அளவிலாவது விற்றுவிடுங்கள், எந்த அளவு என்று வாங்குமுன் அளந்துகொள்ள ஒரு தாள் கொடுங்கள். அகலமான, தாழ்ந்த மூக்குக்கு வளைத்துக்கொள்ளக்கூடிய தாங்கியும், கழற்றித் துவைக்கும் துணிப்பட்டையும் பெட்டியிலேயே இருக்கட்டும், பிறகு தனியாகவும் கிடைக்கட்டும். திரையைத் தவிர சூடாகும் எல்லாவற்றையும் கேபிள் நடுவில் ஒரு சின்னப் பெட்டிக்கு மாற்றுங்கள், இடுப்பிலோ கட்டில் ஓரத்திலோ கிடக்கட்டும். கேபிள் தண்டின் நுனியில் நுழையாமல் நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில், இடமோ வலமோ விருப்பப்பட்ட பக்கம், சாதாரண யூஎஸ்பி-சி துளையில் நுழையட்டும். சட்டத்தில் இரண்டு திருகுத் துளை. தொட்டாலே வித்தியாசம் தெரியும் பொத்தான்கள், அதில் ஒன்று ஒரே அழுத்தில் எதிரே இருப்பவரின் முகத்தைக் காட்டட்டும். எந்தக் கைப்பேசியில் வேலை செய்யும், எதில் செய்யாது என்பதை வாங்கும் பக்கத்தின் மேலேயே போடுங்கள், மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் போட்டால் எங்கள் ஊர் முழுவதற்கும் புரியும். விற்பதை நிறுத்திய மாடலுக்கும் ஐந்து வருடமாவது கேபிளும் ரிப்பனும் ரப்பரும் என்னைப் போன்ற கடைகளுக்குக் கிடைக்க வேண்டும், பிரிக்கும் முறையையும் வெளியிடுங்கள்.

எனக்குப் பதில் எழுதிய நிறுவனத்திடம் தனியாக ஒன்று: அந்தத் தள்ளுபடி எங்களுக்கு வேண்டாம். நிறுத்திய கேபிளில் கிடங்கில் மிச்சம் இருந்தால் இரண்டு அனுப்புங்கள், விலை கொடுத்துவிடுகிறேன். பிளஸ் திருகு வைத்த மாதிரி எப்போது தயாராகும் என்று ஒரு தேதியையும் சொல்லுங்கள். தயாரானால் இங்கே அனுப்பிப் பாருங்கள், பிற்பகல் இரண்டு மணிக்கு, தகரக் கூரைக்குக் கீழே, அப்பா படுத்த நிலையில் இரண்டு மணி நேரம் மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து என்ன நடக்கிறது என்று நிமிடம் விடாமல் எழுதி அனுப்புகிறேன். அம்மாவும் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
கைப்பேசிக் கடைக்காரி,
சுங்கை சிப்புட், பேராக்